இரட்சிப்பும் உறவுமுறையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிறிஸ்து மார்க்கத்தில் இரட்சிப்பு என்பதன் பொருளும் சிறப்பும் யாவை என்பதுபற்றி இன்று பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குப் பணித்தார்கள். யான் வேதநூல்களைத் துறைபோகக் கற்ற குருவானவன் அல்லேன். சபையில் நின்று போதிக்கும் பிரசங்கியும் அல்லேன். பள்ளிச் சிறார்க்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துவரும் தமிழாசிரியன். சொல்லுக்குப் பொருள் காண்டல் என் தொழிலாதலின், அத்தொழிலின் எல்லையில் நின்றே இப்பெரும் பொருளை ஆராயத் துணிந்தேன். குற்றங் களைந்து குணங் கொள்ளுமாறு அவையோரை வேண்டுகின்றேன்.

முதற்கண் ஒன்று கூறுதல் வேண்டும். நம் சங்கத்தில் திருநீறு அணிவோர் உளர். திருமண் இடுவோர் உளர். சிலுவை தரிப்போரும் உளர். சிலுவை தரிப்போருள்ளும் உரோமன் கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார் என இரு பகுதியார் உளர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் மூத்தவர் முருகன் கோயிலுக்கும் இளையவர் மாதா கோயிலுக்கும் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆதலின் இவ்வுரை எவரையும் ஒரு மதத்தினின்று மற்றொரு மதத்திற்கு அழைக்கும் உரையன்று. ஒரு மார்க்கத்தார் தம் உயிரினும் மேலாகப் போற்றும் செய்தி யாது என்பதை அம்மார்க்கத்திற் பிறவாதார் அறிதல் நன்று. அம்மார்க்கத்திற் பிறந்தும் அதனை வாயளவில் மட்டும் கற்ற என்போன்றார் மீண்டும் அறிதல் அதனினும் நன்று.

சொற்பொருள்

தமிழர்க்கு அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருள் நான்கு. அவற்றுள் 'வீடு' என்பது 'விடு' என்னும் முதனிலை நீண்டு ஆகிய தொழிற்பெயர். கட்டினின்றும் விடுபடுதல் என்பது அதன் பொருள். கிறிஸ்து மார்க்கம் தமிழ்நாட்டிற் பரவியபோது, அம்மார்க்கத்தார் தம் தலையாய செய்தியை உணர்த்தப் பற்பல சொற்களைக் கையாண்டனர். 'காத்தல்' என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்றும் வந்த 'இரட்சிப்பு' என்பதைச் சீர்திருத்த சபையார் பெரிதும் வழங்கினர். கத்தோலிக்கர் 'ஆத்தும ஈடேற்றம்' என்றும் வழங்கினர். திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827-இல் வைணவக் குடியிற் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பிள்ளை அவர்கள், ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூலைத் தழுவிப் பாடி 1894-இல் வெளியிட்ட காப்பியத்திற்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்றே பெயரிட்டார். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பிலோ 'மீட்பு' என்னும் தனித்தமிழ்ச் சொல் இடம் பெற்றது.

இச்சொற்களுள் 'மீட்பு' என்பதையே யான் இன்று சிறப்பாக எடுத்துக்கொள்ளுகின்றேன், என்னை? அச்சொல் நம் வாழ்வில் ஊறிய சொல்லாதலின். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டலைக் கரந்தை என்று புறத்திணை நூலார் வகுத்தனர். அங்ஙனம் மீட்கப் புகுந்து உயிர்துறந்த வீரர்க்கு நட்ட நடுகற்கள் நம் நாட்டில் இன்றும் காணப்படுகின்றன. கால்நடைக்காக உயிரையே கொடுத்தவர் நம் முன்னோர். இனி, ஒற்றி வைத்த நிலத்தை மீட்டல் என்கின்றோம். அடகு வைத்த நகையை மீட்டல் என்கின்றோம். இம்மூவிடத்தும் பொதுவாய் அமைந்த கருத்து மூன்று. மீட்கப்படும் பொருள் முன்னரே உடையவனுக்கு உரியது என்பது ஒன்று. அது இப்போது பிறர் கையிற் சிக்கியுள்ளது என்பது இரண்டு. அது தானே திரும்பி வரமாட்டாது. உடையவன் போரிட்டேனும் பொருள் கொடுத்தேனும் கொணர்தல் வேண்டும் என்பது மூன்று. அடகுப் பெட்டியிற் கிடக்கும் தாலிச் சரடு தன் முயற்சியால் வீடு திரும்புவது யாண்டும் இல்லை.

கிறிஸ்தவர் கூறும் இரட்சிப்பின் செய்தி இம்மூன்று கருத்தினுள் முழுவதும் அடங்கும். மனிதன் இறைவனுக்கு உரியவன். அவன் பாவம் என்னும் பிறன் கையிற் சிக்கினான். அவன் தன் முயற்சியால் மீள மாட்டாமையின், உடையவனே விலை கொடுத்து மீட்டான் என்பதே அச்செய்தி. பாவத்திற்குப் புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் வழங்கும் சொல் 'ஹமார்த்தியா' என்பது. எய்த அம்பு குறி தவறுதலை உணர்த்தும் வினையின் அடியாகப் பிறந்தது அச்சொல். இயேசு நாதர் தம் உயிரைப் பலருக்கு மீட்கும் பொருளாகக் கொடுக்க வந்ததாக மாற்கு சுவிசேஷம் கூறுமிடத்து வரும் கிரேக்கச் சொல்லும், அடிமையையும் சிறைப்பட்டானையும் விடுவிக்கச் செலுத்தும் கிரயத்தைக் குறிப்பதே ஆகும். பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்ட காலத்தில் அவர் சிலுவையில் மரித்ததே அக்கிரயம் என்பதும், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்ததே அக்கிரயம் ஏற்கப்பட்டமைக்குச் சான்று என்பதும் கிறிஸ்தவர் கொள்கை.

இம்மீட்பு மறுமைக்கு மட்டும் உரியதென்று பலர் கருதுவர். அஃது அவ்வாறன்று. 'இரட்சித்தல்' என்பதற்குரிய கிரேக்க வினை, நோய் நீக்குதற்கும் சுவிசேஷங்களில் வழங்குகின்றது. எரிகோ நகரத்து ஆயக்காரர் தலைவனாகிய சகேயுவின் வரலாற்றை லூக்கா எழுதிய சுவிசேஷத்திற் காண்க. வரி வசூலில் ஊரை வஞ்சித்துப் பொருள் சேர்த்தவன் அவன்; ஊரார் அவன் மனையில் கை நனையார். இயேசு நாதர் அவன் வீட்டுக்கு வலியச் சென்று விருந்துண்டார். உடனே அவன் எழுந்து தன் பொருளிற் பாதியை ஏழைகட்குக் கொடுப்பதாகவும், வஞ்சித்துக் கொண்டதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் கூறினான். அப்போதுதான் நாதர் அன்றைய தினமே அவ்வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக மொழிந்தார். இரட்சிப்பு வந்த வீட்டில் கணக்குப் புத்தகம் மாறிற்று என்பதைக் கருதுக.

மீட்கும் உறவினன்

இனி, மீட்பவன் யாவன்? இஃதே என் உரையின் உயிர்நிலை.

பழைய ஏற்பாட்டில் எபிரேயர் மீட்பவனைக் 'கோயேல்' என்பர். அச்சொல் வெறுமனே விலை கொடுப்பவனைக் குறிப்பதன்று; விலை கொடுத்து மீட்கும் கடமை பூண்ட நெருங்கிய உறவினனைக் குறிப்பது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் இம்முறையை விரிக்கின்றது. ஒருவன் வறுமையால் தன் காணியை விற்றானாயின், அவனுக்கு அணித்தான சுற்றத்தான் அதனை மீட்டல் வேண்டும். கடன்பட்டுத் தன்னையே அந்நியனுக்கு அடிமையாக விற்றானாயின், அவன் சகோதரனேனும், தந்தையுடன் பிறந்தானேனும், அவன் மகனேனும், பிற நெருங்கிய சுற்றத்தானேனும் அவனை மீட்கலாம்.

நம் சங்கத்தார்க்கு இம்முறை புதிதன்று. குலத்தில் ஒருவன் தாழ்ந்தால் குலத்தார் கூடி அவனைத் தூக்கி நிறுத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தினாலன்றோ நம் பெரியோர் இச்சங்கம் கண்டனர்? தந்தையை இழந்த பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தை நாம் கட்டுகின்றோம். கடனில் மூழ்கும் வீட்டைக் காக்கின்றோம். இஃது கோயேலின் தொழிலே. இதனை யான் மனமாரப் போற்றுகின்றேன்.

ஆயின் அப்பழைய ஏற்பாட்டிலேயே இம்முறையின் எல்லை விரிந்த ஒரு வரலாறு உண்டு. மோவாப் நாட்டுப் பெண்ணாகிய ரூத் என்பாள் கணவனை இழந்து, தன் மாமி நகோமியுடன் பெத்லகேம் ஊருக்கு வந்து, அறுவடையான வயலில் கதிர் பொறுக்கி வயிறு வளர்த்தாள். மோவாபியர் இஸ்ரவேலரின் சபைக்கு உட்படலாகாது என்று விலக்கப்பட்ட இனத்தார். நகோமியின் குடும்பக் காணியை மீட்கும் உரிமை போவாஸ் என்பவனினும் நெருங்கிய வேறொருவனுக்கு இருந்தது. போவாஸ் ஊர் வாயிலிற் பெரியோர் பதின்மரை அமர்த்தி அவனை வினவினான். நிலத்தை மீட்க முதலில் இசைந்த அவன், ரூத்தையும் ஏற்றல் வேண்டும் என்று கேட்டவுடன் தன் சுதந்தரம் கெடும் என்று பின்வாங்கினான். போவாஸோ நிலத்தையும் மீட்டு, அவ்வந்நியப் பெண்ணையும் மனைவியாக ஏற்றான். அவள் வழியிலேயே தாவீது அரசன் தோன்றினான். இயேசு நாதரின் வமிச வரலாற்றிலும் அவள் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நெருங்கிய உறவினன் உறவைக் காக்க எண்ணி உறவை இழந்தான். போவாஸ் உறவை விரித்து மீட்பன் ஆனான்.

இந்நிலையில் நின்று கிறிஸ்தவச் செய்தியை நோக்குக. மீட்பன் உறவினனாதல் வேண்டுமாயின், மனித குலம் முழுவதையும் மீட்க வந்தவன் மனித குலம் முழுவதற்கும் உறவினன் ஆதல் வேண்டும். இறைவன் மாமிசமான வார்த்தையாகி மனிதனாய்ப் பிறந்தார் என்று யோவான் கூறுவதற்கும், அவர் நம்மைப் போல் இரத்தமும் சதையும் உடையராகி நம்மைச் சகோதரர் என அழைக்க நாணாதவர் என்று எபிரெயர் நிருபம் கூறுவதற்கும் பொருள் இதுவே. அவர் ஒரு குலத்தார்க்கு மட்டும் உறவினராயின், ஒரு குலத்தார்க்கு மட்டுமே மீட்பர். அனைவர்க்கும் மீட்பராயின், அனைவர்க்கும் உறவினர். அனைவர்க்கும் அவர் உறவினராயின், அவரால் மீட்கப்பட்ட இருவர் தம்முள் உறவினர் அல்லராதல் எங்ஙனம் கூடும்?

அருளும் செயலும்

சைவ, வைணவ அன்பர்கள் சிலர் ஒரு வினாவை எழுப்புவர். மீட்பு இலவசமாகக் கிடைக்குமாயின் நற்செயல் எதற்கு என்பது அவ்வினா. இஃது அவர்கட்கும் புதிய வினாவன்று. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கின் முறையோ, தாய் குட்டியைக் கவ்விச் செல்லும் பூனையின் முறையோ இறைவன் அருளுக்கு உவமை என்று வைணவப் பெரியோர் வடகலை, தென்கலை எனப் பிரிந்து ஆராய்ந்தமை யாவரும் அறிந்ததே. கிறிஸ்தவரும் இதன்பொருட்டே பன்னூறு ஆண்டு வழக்காடினர். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் என்பவர் அருளையும், பெலாகியு என்பவர் மனித முயற்சியையும் வற்புறுத்தினர். 1517-இல் ஜெர்மனி நாட்டில் மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து எழுந்தபின், விசுவாசத்தால் மட்டுமே மனிதன் நீதிமான் ஆவான் என்ற கொள்கையால் திருச்சபை பிளவுண்டது. 1547-இல் திரெந்து நகர்ச் சங்கம் கத்தோலிக்கரின் மறுமொழியை வகுத்தது. இருதிறத்தாரும் 1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில், இப்பொருளின் அடிப்படையில் தாம் ஒருமைப்பட்டதாக ஓர் அறிக்கையிற் கையொப்பமிட்டனர். 2006-இல் மெதடிஸ்த சபையாரும் அதனை ஏற்றனர். அருளே முதல், நற்செயல் அவ்வருளின் கனி என்பதே அவர்கள் கண்ட முடிவு. மரம் உயிர் பெற்றதற்குக் கனி காரணமன்று. கனியே தராத மரத்தை உயிருள்ள மரமென்று எவரும் நம்பார்.

இலவசம் என்பதனால் விளையும் மற்றொரு பயனை நாம் பெரும்பாலும் நோக்குவதில்லை. தன் உழைப்பாற் பெற்றதைப் பற்றியே ஒருவன் பெருமை பேசலாம். பிறர் இரங்கி ஈந்ததைப் பற்றிப் பெருமை பேசுதல் எவ்வாறு? மீட்கப்பட்ட நகைகளுள் ஒன்று மற்றொன்றை நோக்கி, யான் உயர்ந்த பெட்டியினின்றும் வந்தேன் என்று தருக்குமாயின் நகைப்பிற்கு இடமன்றோ?

பந்தியில் எழுந்த வழக்கு

விசுவாசத்தால் நீதிமானாதல் என்னும் இவ்வுயர்ந்த கொள்கை முதன்முதல் எவ்விடத்தில் வழக்காக மூண்டு எழுத்தில் ஏறிற்று என்று நினைக்கின்றீர்கள்? பண்டிதர் சபையில் அன்று, உணவுப் பந்தியில்.

சிரியா நாட்டு அந்தியோகியா நகரில் யூதராய்ப் பிறந்த கிறிஸ்தவரும் பிற இனத்தாராய்ப் பிறந்த கிறிஸ்தவரும் ஒருங்கே அமர்ந்து உண்டனர். பேதுரு அப்போஸ்தலரும், நம் கத்தோலிக்கப் பெரியோர் வழக்கில் இராயப்பரும், அப்பந்தியில் உண்டார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்தோர் சிலர் வந்தவுடன், அவர் அவர்கட்கு அஞ்சிப் பந்தியை விட்டு எழுந்து விலகினார். அவரைக் கண்டு மற்றை யூதரும் விலகினர். அப்போது சின்னப்பர் எனப்படும் பவுல், சபை நடுவே பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரம் இதனைக் கூறுகின்றது. அக்கண்டனத்தை உரைக்கும் வாக்கியங்களைத் தொடர்ந்தே, மனிதன் நியாயப்பிரமாணத்தின் செயல்களால் அன்றி விசுவாசத்தாலேயே நீதிமானாவான் என்னும் கொள்கையை அவர் நிலைநாட்டுகின்றார்.

பேதுரு சிலுவையை மறுத்தாரில்லை, உயிர்த்தெழுதலை மறுத்தாரில்லை. இலையை விட்டு எழுந்தார், அவ்வளவே. அவ்வெழுதலே சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு மாறானது என்றார் பவுல். பந்தியிலிருந்து எழுபவன் தன் பிறப்பும் தன் மீட்புக்கு ஒரு காரணம் என்று சொல்லாமற் சொல்லுகின்றான் என்பது அவர் கருத்து.

இடைச்சுவர்

எருசலேம் தேவாலயத்திற்கு ஒரு வெளிப் பிராகாரம் இருந்தது. பிற இனத்தார் அதுவரை வரலாம். அதற்கு அப்பால் ஒரு கைப்பிடிச் சுவர். அதனைக் கடக்கும் அந்நியன் தன் மரணத்திற்குத் தானே பொறுப்பாளி என்னும் கருத்துடைய எச்சரிக்கைக் கற்கள் அதன்கண் நிறுத்தப்பட்டிருந்தன. கிரேக்க மொழியில் வெட்டிய அக்கற்களுள் முழுமையான ஒன்றை 1871-இல் கிளேர்மோன் கன்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டெடுத்தார். அஃது இன்று இஸ்தான்புல் நகரத்து அரும்பொருட்சாலையில் உள்ளது. பவுல் எருசலேமிற் பிடிபட்டதும் இச்சுவரின் பொருட்டே. எபேசு நகரத்தானாகிய துரோப்பீமு என்னும் பிற இனத்தானை அவர் இச்சுவர் கடந்து உள்ளே அழைத்து வந்தார் என்பதே அவர்மேற் சுமத்திய பழி.

இனி, அவ்வெபேசு நகரத்தார்க்குப் பவுலின் பெயரால் வழங்கும் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள், ஒருவரும் பெருமை பாராட்டற்க என்னும் கருத்து அதன் முற்பகுதியில் உள்ளது. கிறிஸ்து இருதிறத்தாரையும் ஒன்றாக்கி நடுவில் நின்ற தடுப்புச் சுவரைத் தகர்த்தார் என்னும் கருத்து அதன் பிற்பகுதியில் உள்ளது. இரண்டும் ஒரே அதிகாரம்! நாம் முற்பகுதியை மனனம் செய்வித்துப் பிள்ளைகட்குப் பரிசு அளிக்கின்றோம். பிற்பகுதியைப் பக்கம் புரட்டிச் சென்றுவிடுகின்றோம்.

நம் நாட்டுச் சுவர்

நம் நாட்டில் இப்பிற்பகுதியைப் புரட்டிவிட்டமையால் விளைந்தவற்றை வரலாறு மறைக்கவில்லை. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன் என்பவர் சபைகளிற் சாதி வேற்றுமையை உடனே விட்டொழிக்குமாறு கட்டளை அனுப்பினார். தஞ்சை முதலிய இடங்களில் அதனை ஏலாமற் பலர் சபையை விட்டே விலகினர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்திற்கு ஆதரவாக வாதாடியவரே. அவர் கவித்திறத்தை யான் தலைமேற் கொள்ளுகின்றேன். இவ்வொன்றில் அவரைப் பின்பற்றுதல் என்னால் இயலாது.

திருநெல்வேலிப் பகுதியில் வடக்கன்குளம் என்னும் ஊரில் 1872-இல் இரு கைகளாகப் பிரிந்து பீடத்தில் ஒன்றுகூடும் வடிவில் ஓர் ஆலயம் எழுந்தது. இரு வேறு குலத்தார் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பூசையைக் காண்பதற்கு அமைந்த கட்டடம் அது. குலங்களின் பெயர் கூறி எவர் மனத்தையும் புண்படுத்த விரும்பேன். 1910-இல் அப்பிரிவுச் சுவர் இடிக்கப்பட்டது. சுவரை இழந்த ஒருசாரார் தம் உரிமை கெட்டதென்று வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கிறிஸ்தவரானபின் பிறப்பினால் வரும் தீட்டைக் காட்டி ஆலயத்தில் உரிமை கோருதற்கு இடமில்லை என்று நீதிபதிகள் தீர்த்தனர். பீடத்தில் நின்று குருமார் கூறவேண்டிய உண்மையை நீதிமன்றம் கூற நேர்ந்தது.

பிறர் ஊரைப் பேசி என் ஊரை மறைத்தல் நேர்மையாகாது. ஏறத்தாழ 35 ஆண்டுகட்கு முன், என் சிறு பருவத்தில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுகின்றேன். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதற்கு ஒரு முதியவர் இருந்தார். நாங்கள் தொழும் அதே ஆலயத்தில், கடைசி வரிசையில் அமர்ந்து தொழுதவர் அவர். என் பாட்டனாரின் குழியையும் பாட்டியாரின் குழியையும் அவரே வெட்டினார். என் தங்கை கைக்குழந்தையாய் இறந்தபோது, அச்சிறு குழியை வெட்டிவிட்டு, அதன் ஓரத்தில் அமர்ந்து அழுதவரும் அவரே. அவர் இறந்த நாளில் அவர் உடல் தோட்டத்தின் வேலிக்கு வெளியே, புறம்போக்கிற் புதைக்கப்பட்டது. தோட்டம் எங்கள் குலத்தார்க்கு உரியது என்பதே காரணம். சபை மூப்பராகிய என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. யான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு உட்புறம் நின்றேன். நாற்பது ஆண்டு எங்கள் மண்ணை வெட்டியவருக்கு ஆறடி மண் இல்லையா என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்த பின்னரும் யான் கேட்கவில்லை. ஓய்வுநாட் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகட்கு எபேசியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தின் முற்பகுதியைக் கற்பித்தேன். வேலிக்கு உட்புறம் நின்றே கற்பித்தேன். இன்று இவ்வவையில் இதனைக் கூறுவதற்கு அவ்வெட்கமே காரணம்.

நாம் செய்யத்தக்கவை

அங்ஙனமாயின் குலச் சங்கமே தவறு என்கின்றாயோ என்று பெரியோர் வினவக்கூடும். அவ்வாறு யான் கூறவில்லை. சுற்றத்தானைத் தாங்கும் கடமையைக் கூறிய அதே லேவியராகமம், தேசத்தில் தங்கும் அந்நியனையும் உன் இனத்தானைப் போல நடத்துக என்று பத்தொன்பதாம் அதிகாரத்திற் கட்டளை இடுகின்றது. அன்பு பிறக்கும் இடம் வீடு. ஆயின் வாசலோடு நின்றுவிட்ட அன்பை அன்பென்று கூறுதல் அரிது. நம் சங்கம் ஒரு வாசலாக இருத்தல் வேண்டும். வேலியாக இருத்தல் ஆகாது.

ஆகவே மூன்று விண்ணப்பங்களை இச்சபையின்முன் வைக்கின்றேன்.

ஒன்று, நம் கல்வி நிதியில் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கை, குலம் வினவாமல், நம் ஊரில் மிக வறிய பிள்ளைகட்கு அளித்தல் வேண்டும். கிறிஸ்தவர் தசமபாகம் கொடுத்தலை அறிவர். மற்றையோர் தருமத்திற்கு ஒரு பங்கு ஒதுக்குதலை அறிவர். ஆதலின் இது எவர்க்கும் புதிதன்று. சென்ற ஆண்டு இத்தீர்மானம் வந்தபோது தோற்றது. எதிர்த்தோருள் யான் இல்லை. ஆதரித்துப் பேசியோருள்ளும் யான் இல்லை. இவ்வாண்டு யானே முன்மொழிகின்றேன்.

இரண்டு, இவ்விழாவின் விருந்தில் சமைத்தோரும், பந்தல் இட்டோரும், மேளம் வாசித்தோரும், எச்சில் இலை எடுப்போரும் நம்மோடு ஒரே பந்தியில் அமர்தல் வேண்டும். அவர்கட்குப் பின்கட்டில் தனியே இலை இடும் வழக்கம் இன்றோடு ஒழிக. அந்தியோகியாப் பந்தியின் வழக்கு நம் பந்தியிலும் நடைபெறுகின்றது என்பதை மறவற்க.

மூன்று, என் ஊரார்க்கும், அத்தகைய வேலி உள்ள எவ்வூரார்க்கும் உரியது. கல்லறைத் தோட்டத்து வேலியை அகற்றுதல் நம்மவர் கையில் உள்ளது. அதற்கு நீதிமன்றம் வரவேண்டுவதில்லை. தீண்டாமையை 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு ஒழித்தது. சட்டம் சுவரை இடிக்கலாம். சுவர் இடிந்த இடத்தில் நின்று அண்ணே என்று அழைத்தல் மனிதன் செய்ய வேண்டியது.

அன்பர்காள்! இரட்சிப்பு என்பது மரித்தபின் அடையும் ஒரு நல்லிடம் மட்டும் என்று எண்ணி, அதற்கு ஒரு சீட்டு வாங்கி வைத்தாற்போல் நாம் வாழ்கின்றோம். சகேயுவின் வீட்டுக்கு அஃது அன்றைக்கே வந்தது. வந்தவுடன் அவன் பணப்பெட்டி திறந்தது. அந்தியோகியாவில் அஃது ஓர் இலையின்முன் சோதிக்கப்பட்டது. நம்மிடம் அஃது எவ்வடிவில் வந்து நிற்கும் என்பதை யான் அறியேன். என் வரையில், அது வேலிக்கு வெளியே உள்ள ஒரு மண்மேட்டின் வடிவில் வந்து நிற்கின்றது. சென்ற மாதம் ஊர் சென்றபோது அம்மேட்டைத் தேடினேன். முட்செடி மண்டிக் கிடந்தது. அடையாளம் தெரியவில்லை. என்னுடன் வந்த என் மகன், யாருடைய கல்லறை அப்பா என்று வினவினான். நம் உறவினர் ஒருவருடையது என்றேன்.

அவ்விடை மெய்யாதல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.